தொட்டிலுக்கும் பள்ளிக்கும் இடையே

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி ஆதம்பாக்கத்தில் நடைபெற்ற உறுப்பினர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற சுகாதாரச் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா மேடையில் ஏறுகின்றவர்கள் பாராட்டுரை வழங்குவதே மரபு. எனக்கும் ‘அறக்கொடையும் மழலையர் நலமும்’ என்னும் இனிய தலைப்பைக் கொடுத்து, பத்து நிமிடம் பேசி அமரச் சொல்லியிருக்கின்றனர். தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும். நான் இன்று ஒரு வழக்காட வந்திருக்கின்றேன். நேரமும் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்வேன்.

இக்கழகம் தொடங்கிய நாளில் நமக்குக் கட்டடம் இல்லை. ஓர் ஓட்டு வீட்டின் திண்ணையும் ஒரு கரும்பலகையும் இருந்தன. மாலை நேரத்தில் நம் பிள்ளைகள் அங்கே கூடிப் படித்தனர். பத்தாம் வகுப்பில் தேறியவர்க்குப் பரிசு, மேல்நிலை வகுப்பில் தேறியவர்க்கு உதவித்தொகை, கல்லூரிக்குச் செல்பவர்க்கு முதலாண்டுக் கட்டணம் என 25 ஆண்டுகளில் வளர்ந்திருக்கின்றோம். இன்று இவ்வரங்கில் வழக்கறிஞர் இருக்கின்றார், பொறியாளர் இருக்கின்றார், செவிலியர் பட்டம் பெற்ற என் இளைய தங்கைமார் இருக்கின்றனர். இது சிறிய செயலன்று. இதன் நினைவாக வெள்ளி விழா மண்டபம் ஒன்று எழுப்ப வேண்டும் என்று நிதி திரட்டியிருக்கின்றீர்கள். அந்த நிதியைப் பற்றித்தான் என் வழக்கு.

மண்டபம் வேண்டாம் என்று எளிதில் கூறிவிட எனக்கும் மனமில்லை. நம்மவர் இல்லத் திருமணம் என்று தெரிந்ததும், ‘அந்தத் தேதியில் இடம் இல்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். அந்த அவமதிப்பின் வடு ஆறாதது. சொந்தக் கூரையின் கீழ் மாலை மாற்றிக்கொள்ள வேண்டும் என்னும் அவர்தம் விருப்பம் வீண் ஆடம்பரம் அன்று. இதை அறிந்தே பேசுகின்றேன்.

எனினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நாம் பரிசளிக்கும் பிள்ளை நம் கைக்கு வந்து சேரும்போது அதற்கு வயது பதினைந்து. அதற்கு முன்னே, ஐந்து வயதில் பள்ளிப்படியை மிதிப்பதற்கும் முன்னே, அதன் வாழ்வில் பாதி வழக்கு தீர்ந்துவிடுகின்றது. பிறக்கும்போது இரண்டரைக் கிலோவுக்குக் குறையாமல் இருந்ததா? ஐந்து மாதத்தில் எடை இரு மடங்கும் ஓராண்டில் மும்மடங்கும் ஆயிற்றா? ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கிடைத்ததா? ஆறு மாதத்துக்குப் பின் கூழும் பருப்பும் முட்டையும் வேளைக்கு வேளை ஊட்ட ஓர் ஆள் இருந்ததா? மூளையின் வளர்ச்சியில் பெரும் பகுதி முதல் மூன்று ஆண்டுகளுக்குள் நடந்தேறுகின்றது. அக்காலத்தில் இழந்ததை ஏழாம் வகுப்பில் தனிப்பாடம் வைத்து முழுவதும் மீட்க இயலாது. 2020–21இல் இம்மாநிலத்தில் முடிவுற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்றும், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள் என்றும் கூறுகின்றது. மருத்துவமனைப் பேறுகாலம் ஏறத்தாழ நூற்றுக்கு நூறு எட்டிவிட்ட மாநிலத்தின் கணக்கு இது! குழந்தையை உயிரோடு தாயின் கையில் கொடுத்துவிட்டோம். அதன்பின் என்ன ஆயிற்று என்று கேட்பார் குறைவு. அகில இந்திய அளவில் நம் குழந்தைகளிடம் இக்குறை ஏனையோரைவிட மிகுதி என்பதையும் அதே கணக்கெடுப்பு காட்டுகின்றது.

அறக்கொடை என்பது நம் மக்களுக்குப் புதிதன்று. அதன் நன்மையையும் தீமையையும் நூறாண்டுகளுக்கு மேலாக அனுபவித்தவர்கள் நாம். இங்கிருந்து கிண்டியைக் கடந்து கடற்கரையை நோக்கிச் சென்றால், பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவுப் பள்ளி நிற்கக் காணலாம். பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த கர்னல் ஆல்காட் என்னும் அமெரிக்கர், 1894இல் அடையாற்றில் நம் குழந்தைகளுக்கென்றே கட்டணமில்லாப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். கோடம்பாக்கத்திலும் தேனாம்பேட்டையிலும் மயிலாப்பூரிலும் அடுத்தடுத்துப் பள்ளிகள் எழுந்தன. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயரே சூட்டப்பட்டது. அந்நாளில் ஊரார் பள்ளிகளில் நம் பிள்ளை திண்ணையோரம் நிற்பதற்கும் இடமில்லை. ஆகவே அக்கொடையை நான் குறைத்து மதிப்பிடேன்.

ஆனால் இவ்வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கொடுத்தவரைப் பற்றியே சொல்கின்றனர். கேட்டவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டாமா? இராயப்பேட்டையில் சித்த மருத்துவம் செய்துவந்த அயோத்திதாசப் பண்டிதர், ஆல்காட்டோடு நேர்நின்று பேசியவர். 1898இல் அவரோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவியவர். ‘எங்கள் மக்களுக்கு இன்னது தேவை’ என்று சொல்லும் அறிவும் துணிவும் உள்ளவர்கள் நம்மிடையே அன்றே இருந்தனர். ஒரு மருத்துவர் நம் முன்னோடியாக வாய்த்தார் என்பதில், மருத்துவத் துறையில் ஊழியம் செய்த எனக்குத் தனிப்பட்டதொரு பெருமை உண்டு. நிற்க.

அறக்கொடையாக இருந்தது எவ்வாறு அரசின் கடமையாயிற்று என்பதற்கும் நம் நகரமே சான்று. 1920இல் சென்னை மாநகராட்சியின் தலைவராகப் பிட்டி தியாகராயர் இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் மாணவர்க்கு நண்பகல் உணவு வழங்கத் தீர்மானம் நிறைவேறியது. ஒரு மாணவனுக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேற்படக் கூடாது என்பது வரம்பு. பின்னர் வேறு நான்கு பள்ளிகளுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. பசித்த பிள்ளைகளுக்குச் சோறிட்டால் என்ன நடக்கும் என்பதை அறிய ஆராய்ச்சி ஏதும் தேவையில்லை. அப்பள்ளிகளில் 1922–23இல் 811ஆக இருந்த மாணவர் தொகை 1924–25இல் 1,671ஆக உயர்ந்தது. இரு மடங்குக்கும் மேல்! அதன்பின் நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்ய அன்றைய ஆங்கில அரசு இசையவில்லை. 1925 ஏப்ரல் முதல் நாள் உணவு நிறுத்தப்பட்டது. மார்ச்சு 31 வரை உண்ட பிள்ளை, மறுநாள் தட்டோடு வந்து நின்றிருக்கும். 1927இல் 25 பள்ளிகளில் ஆயிரம் ஏழை மாணவர்க்கு மீண்டும் உணவு தொடங்கப்பட்டது என்பது உண்மையே. ஆயினும் இடைப்பட்ட ஈராண்டில் படிப்பை விட்டு மூட்டை தூக்கப் போன பிள்ளைகள் திரும்பி வந்தனரா? அவர்களுடைய பெயர்களை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை.

1956இல் காமராசர் ஆட்சியில் நிகழ்ந்தது இதனின்றும் மாறுபட்டது. முதலில் ஊராரிடமே கேட்டார்கள். கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்றார். நெல்லும் விறகும் காய்கறியும் கொடையாகத் திரண்டன. 1957 நவம்பர் முதல் அரசு மானியம் வந்தது. ஒருவேளை உணவுக்கான பத்துக் காசில் அரசு ஆறு காசும் ஊரார் நான்கு காசும் தந்தனர். கொடையும் வரிப்பணமும் ஒரே பானையில் வெந்தன என்று சொல்லலாம். 1982 சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், ஊராரின் நான்கு காசை எதிர்பாராமல், இரண்டு வயதுக் குழந்தையையும் பந்தியில் அமர்த்தியது. 1989இல் இரு வாரத்துக்கொரு முறை வந்த முட்டை, 2010இல் வாரத்துக்கு ஐந்தாயிற்று. 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. இவற்றைப் பெறும்போது நம் பிள்ளை யாருக்கும் நன்றி சொல்லிக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அது அதன் உரிமை. ஆனால் பந்தி சமமாகிவிட்டது என்று மயங்கிவிடாதீர்கள். 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் நம் இனத்துப் பெண்மணி ஒருவர் சமைக்கக் கூடாதென்று ஊரார் சிலர் பள்ளியை மறித்த செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள்.

நம் குழந்தையின் கதை இரண்டு வயதிலிருந்தா தொடங்குகின்றது? பள்ளியிலும் பால்வாடியிலும் கிடைக்கும் சோறு, அங்கே நடந்து சென்று அமரக்கூடிய பிள்ளைக்கே எட்டும். எட்டு மாதக் குழந்தை அங்கே போகாது. அதற்கு அங்கன்வாடியில் சத்துமாவுப் பொட்டலம் உண்டு; அதை வாங்கிவந்து, கிண்டி, ஆறவைத்து, நாளைக்கு நான்கைந்து முறை சிறுகச் சிறுக ஊட்டுபவர் யார்? நம் பகுதித் தாய்மார்கள் விடியுமுன் எழுந்து அடுக்குமாடி வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் துப்புரவுக்கும் சமையலுக்கும் செல்கின்றனர். சிலர் சித்தாள் வேலைக்குச் செல்கின்றனர். குழந்தையை ஏழு வயது அக்காளிடமோ, கண் மங்கிய பாட்டியிடமோ விட்டுச் செல்கின்றனர். ஒரு பாக்கெட் பிசுக்கத்தும் ஒரு புட்டி தேநீரும் அதன் பகல் உணவு. வீட்டில் அரிசி இல்லாமற் போவதைவிட, ஊட்டும் கை இல்லாமற் போவதாலேயே மெலிந்த குழந்தைகளை என் பணிக்காலத்தில் மிகுதியாகக் கண்டேன்.

இதைக் கண்டறிந்த திட்டம் ஒன்று நம் மாநிலத்திலேயே இருந்தது. 1980இல் உலக வங்கிக் கடனுதவியோடு மதுரை மாவட்டத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளையே குறியாகக் கொண்டது. ஊர்ப் பெண் ஒருவர் மாதந்தோறும் குழந்தைகளை எடை பார்ப்பார். எல்லாக் குழந்தைக்கும் உணவு கொடுப்பதில்லை. எடை ஏறாமல் நின்ற குழந்தைக்கு 90 நாள்கள் கூடுதல் உணவு கொடுப்பார். தேறியதும் நிறுத்திவிட்டுத் தாய்க்குச் சொல்லித் தருவார். அதன் அழகு என்னவென்றால், குழந்தை எலும்பும் தோலுமாகத் தெரியும் வரை காத்திராமல், எடைக்கோடு படுத்த மாதமே கைகொடுத்ததாகும். தராசு ஒன்றும் அட்டை ஒன்றும் அறிந்த பெண் ஒருத்தியும் போதும் என்று அத்திட்டம் எங்களுக்குக் கற்பித்தது.

இனி என் சொந்தக் குற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய ஒரு பகுதிக்குக் கொடையாளர் ஒருவர் வந்தார். பெரிய மனம்தான், ஐயமில்லை. கைக்குழந்தைகளுக்குப் பால்மாவு டின்கள் மூன்று மாதத்துக்கு அளிப்பதாகச் சொன்னார். விரிப்புப் பலகை கட்டினார்கள். தாய்மார்கள் குழந்தையை இடுப்பில் ஏந்தி, மறு கையில் டின்னை உயர்த்திப் பிடித்து நிற்க, நிழற்படம் எடுத்தார்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமிட்டவள் நான். டின் வந்ததும் சில தாய்மார் தாய்ப்பாலைக் குறைத்தனர், நானும் தடுக்கவில்லை. நான்காம் மாதம் டின் வரவில்லை. கொடையாளரின் கணக்கில் திட்டம் ‘வெற்றிகரமாக நிறைவுற்றது’. இங்கே தாய்க்குப் பால் வற்றிவிட்டது. கடையில் வாங்கும் பாலில் முக்கால் பங்கு தண்ணீர். ஓர் ஆண் குழந்தையின் எடை அட்டையை இன்றும் வைத்திருக்கின்றேன். மூன்று மாதம் ஏணி போல் ஏறிய கோடு, நான்காம் மாதத்தில் படுத்து, ஐந்தாம் மாதத்தில் வயிற்றுப்போக்கோடு கீழிறங்கியது. 1992ஆம் ஆண்டின் சட்டப்படி, அநாதை இல்லங்களுக்கன்றி, குழந்தைப் பால்மாவை எவருக்கும் இனாமாகக் கொடுப்பதே தடை செய்யப்பட்டது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். ஊழியத்தில் இருந்த நான் அறிந்திருக்க வேண்டும்.

அக்குழந்தை பிழைத்துக்கொண்டது. வளர்ந்து, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டது. அதற்கு அந்த ஐந்தாம் மாதமே காரணம் என்று நான் துணிந்து கூற மாட்டேன்; வறுமைக்குக் காரணங்கள் பல. ஆனால் நம்மைப்போன்ற கழகம் ஒன்று அவன் தெருவில் இருந்திருந்தாலும், பத்தாம் வகுப்புப் பரிசுக்கு விண்ணப்பிக்கும் இடத்துக்கே அவன் வந்திருக்க மாட்டான் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

கொடையைப் பெறும் முறை பற்றி நமக்கு ஒரு பாடம் 1932இலேயே சொல்லப்பட்டிருக்கின்றது. பூனா ஒப்பந்தத்துக்குப் பின் காந்தியடிகளின் முயற்சியால் தோன்றிய தீண்டாமை ஒழிப்புச் சங்கம், பின்னாளில் அரிசன சேவக சங்கம் எனப் பெயர் பெற்றது. அண்ணல் அம்பேத்கர் அவ்வாண்டு நவம்பரில் கப்பலில் பயணம் செய்யும்போது, சங்கச் செயலாளர் தக்கருக்கு நீண்டதொரு கடிதம் எழுதினார். தனி மனிதரைத் திருத்தும் சில்லறை உதவிகளில் பணத்தைச் சிதற விடாமல், பொதுக் கிணறு, பள்ளி, தெரு ஆகியவற்றில் உரிமையை நிலைநாட்டுவதில் ஆற்றலைச் செலுத்துங்கள் என்றும், பணிசெய்யத் தாழ்த்தப்பட்ட மக்களிலிருந்தே ஊழியரை அமர்த்துங்கள் என்றும் அதில் வலியுறுத்தினார். அக்கடிதம் கிடைத்தது என்று கூட அவருக்கு மறுமொழி வரவில்லை. அவர் அச்சங்கத்தினின்றும் விலகினார். தீண்டாமைக்கு மேற்சாதியினர் செய்யும் கழுவாயே இத்தொண்டு. ஆகவே நிதியை ஆள்பவரும் அவராகவே இருத்தல் வேண்டும் என்பது காந்தியடிகள் தரப்பின் வாதம். கழுவாய் தேடுவோர் தேடட்டும். ஆனால் குழந்தை நம்முடையதன்றோ!

அதற்கு நான்காண்டு முன்னே, 1928 சூலையில், பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேற்று உதவி மசோதாவை ஆதரித்து அண்ணல் பேசியதையும் இளைஞர்கள் தேடிப் படிக்க வேண்டும். பேறுகாலத்தில் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன். அதன் சுமையை அரசு ஏற்றல் வேண்டும், அவள் உழைப்பால் ஆதாயம் பெறும் முதலாளியும் பங்கேற்றல் வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். இன்று நம் தாய்மார்க்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் வழங்கப்படும் பேறுகால உதவி, 1987இல் 300 ரூபாயாகத் தொடங்கி 18,000 ரூபாயாக உயர்ந்திருக்கின்றது. ஆயினும் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கு முதலாளி யார்? நான்கு வீட்டில் வேலை செய்பவளுக்கு நால்வரும் முதலாளியர், எவரும் முதலாளியர் அல்லர். ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017இல் சட்டம் திருத்தப்பட்டது; அவளுக்கு அச்சட்டம் பேசவில்லை. அந்த இடைவெளியை நாம்தான் நிரப்ப வேண்டும்.

தில்லியில் 1969இல், காந்தியடிகளின் நூற்றாண்டுக் கட்டடப் பணி நடந்த இடத்திலேயே, சித்தாள்களின் குழந்தைகள் வெயிலில் கிடப்பதைக் கண்ட மீரா மகாதேவன் என்னும் அம்மையார், கூடாரம் ஒன்றில் காப்பகம் தொடங்கினார். ‘நடமாடும் காப்பகங்கள்’ என்று அது விரிந்தது. பள்ளிக்கு முற்பட்ட பருவத்துக் குழந்தைகளைப் பற்றி ஆராய நடுவணரசு அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர், பின்னர் நம் சென்னையில் வாழ்ந்த மீனா சுவாமிநாதன் அம்மையார். அக்குழுவின் 1972ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின்னரே, 1975 அக்டோபர் 2ஆம் நாள் அங்கன்வாடித் திட்டம் பிறந்தது. கூடாரம் பெரிதன்று, காட்டப்படும் வழியே பெரிது என்பதற்காக இதைச் சொன்னேன்.

பணத்துக்கு எங்கே போவது என்று பொருளாளர் கேட்பார். கேட்க வேண்டியவரும் அவரே. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கின்றது. பசி, ஊட்டக்குறை, நோய்த்தடுப்பு ஆகியவை அப்பணிகளின் பட்டியலில் முதலிடத்தில் உள்ளன. தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகின்றது. கிண்டித் தொழிற்பேட்டையும் பழைய மாமல்லபுரம் சாலையும் நமக்குக் கூப்பிடு தூரம். அங்கே துடைப்பம் பிடிக்கும் கைகள் பல நம் தெருக்களிலிருந்து செல்பவை. ஆகவே கேட்பதில் கூச்சம் வேண்டாம். வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளும், நிறுவன விவகாரத் துறையில் உரிய பதிவும், மூன்றாண்டுப் பணிச்சான்றும் இருந்தால்தான் நம் கழகத்தை நாடி வருவர். நம் வழக்கறிஞர் தம்பிமார் மாலை நேரங்களில் இதைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆனால் இதிலும் ஒரு முள் உண்டு. தொடர்பணி என்று ஏற்கப்படுவதற்கும், தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்றாண்டே எல்லை. மூன்றாண்டு முடிந்தால்? மறுபடியும் ஏப்ரல் முதல் நாள்! ஆகவேதான் கழகத்தின் சொந்த நிதி வேண்டும் என்கின்றேன். வெளிக்கொடை பாத்திரத்துக்கும் தராசுக்கும் தரைக்கும் ஆகட்டும். அங்கே குழந்தையைத் தூக்கி ஊட்டும் இரு பெண்களின் ஊதியம் மட்டும், கொடையாளர் வந்தாலும் போனாலும் நிற்காததாக, நம் வைப்பு நிதியின் வட்டியிலிருந்து வர வேண்டும்.

நம் மக்களால் கொடுக்க இயலுமா என்றால், இயலும் என்பதற்கு நாம் வாழும் மண்ணே சாட்சி. ஆதம்பாக்கம் ஆலந்தூர் நகராட்சியில் இருந்த காலத்தில், பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணமாகக் கேட்டார்கள். மக்கள் தந்தார்கள். நகராட்சியே கடனும் வாங்கி, 2000ஆவது ஆண்டையொட்டிய காலத்தில் அது நிறைவேறியது. நாடெங்கும் அதைப் பார்க்க வந்தனர். 2011இல் ஆலந்தூர் மாநகராட்சியோடு இணைந்தது. கழிவுநீர் தெருவில் ஓடும் இடத்தில் குழந்தைக்கு எவ்வளவு ஊட்டினாலும் வயிற்றுப்போக்கில் போய்விடும். ஆகவே அதுவும் மழலையர் நலப் பணியே. ஆயினும் மாத ஊதியக்காரருக்கு 5,000 ரூபாய் என்பது வேறு, அன்றாடம் கூலிக்குப் போகின்றவருக்கு அதே 5,000 என்பது வேறு. இதற்கு மாற்றுவழியும் அருகிலேயே உள்ளது. 1958இல் மருத்துவர் கே. எஸ். சஞ்சீவி தோற்றுவித்த தன்னார்வ சுகாதாரச் சேவை நிறுவனத்தின் மருத்துவமனை தரமணியில் இருக்கின்றது. குடும்பத்தின் வருமானத்துக்கேற்ப ஆண்டுச் சந்தா செலுத்தி மருத்துவம் பெறும் முறையை அவர் அங்கே கொணர்ந்தார். ஏழை குறைவாகச் செலுத்தினான், ஆனால் செலுத்தினான். அதனால் வரிசையில் தலைநிமிர்ந்து நின்றான். நம் காப்பகத்துக்கும் அம்முறையையே கொள்ளலாம். மாதம் பத்து ரூபாய் கொடுக்கும் தாய்க்கும் குழுவில் வாக்கு உண்டு என்று எழுதி வையுங்கள்.

நான் கேட்பது பெரிய நிறுவனம் அன்று. காலை ஏழு மணி முதல் மாலை ஆறு மணி வரை, ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஒரு பெரிய அறை, ஒரு சமையற்கட்டு, வாயிலில் தராசு. ஊழியர் நம் பகுதிப் பெண்களாக இருக்கட்டும். எடை நின்ற குழந்தையை அதே வாரத்தில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துச் செல்லட்டும். அங்கன்வாடிக்குப் போட்டியாக நாம் நிற்க வேண்டியதில்லை. அவர்கள் தரும் சத்துமாவு வாங்கப்பட்டதா, ஊட்டப்பட்டதா என்று பார்ப்பதே பாதிப் பணி. கொடையாளர் எவராயினும் வரவேற்போம். ஆனால் குழந்தையைப் பிடித்து நிறுத்திப் படம் எடுப்பது இல்லை. முட்டை போடக் கூடாது, வெங்காயம் கூடாது என்று தம் அடுக்களை ஆசாரத்தை நம் குழந்தையின் தட்டில் திணிப்பதற்கும் இடமில்லை. இவ்விரண்டையும் முதற்கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். சிலர் திரும்பிப் போவர். போகட்டும்.

அரசின் கடமையை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும் என்று இளைஞர் சிலர் முணுமுணுப்பது என் செவியில் விழுகின்றது. நியாயமான கேள்வி. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுக்கென மக்கள்தொகை விகிதப்படி நிதியை ஒதுக்கிச் செலவிட வேண்டும் என்று 2024இல் இம்மாநிலம் சட்டமே இயற்றியிருக்கின்றது. அந்நிதியில் நம் தெருவின் கைக்குழந்தைக்கு எவ்வளவு வந்தது என்று நீங்கள் ஆண்டுதோறும் கேளுங்கள். அதுவும் கழகத்தின் வேலையே. ஆனால் வெறுங்கையோடு கேட்பதைவிட, நாற்பது குழந்தைகளின் எடை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது வலிமையுடையது. அந்த அட்டைகளைக் காப்பகம் தரும்.

மண்டபம் விரும்பும் பெரியோர்க்கு ஒரு வார்த்தை. தரைத்தளம் காப்பகமாகட்டும், மேல்தளம் மண்டபமாகட்டும். மேல்தளம் சில ஆண்டு கழித்து எழும்பினால் குற்றமில்லை. அதுவரை நம் இல்லத் திருமணங்களை, விடுமுறை நாள்களில், கீழ்த்தளத்திலேயே நடத்திக்கொள்ளலாம். தொட்டில்களை ஓரமாக நகர்த்தி வைத்தால் நூறு பேர் அமர இடம் கிடைக்கும். கட்டடப் பொறியாளரான நம் உறுப்பினரிடம் கேட்டு விட்டுத்தான் சொல்கின்றேன்.

வரும் பொதுக்குழுவில் தீர்மானமாகக் கொணர்வதற்காக, இதனை எழுத்து வடிவில் செயலாளரிடம் இன்றே கொடுக்கின்றேன். விழா நிதியில் பாதியை வைப்பு நிதியாக்கி, அதன் வட்டியைக் காப்பக ஊழியரின் ஊதியத்துக்கு ஒதுக்குக என்பது தீர்மானம். முன்மொழிபவர் இடத்தில் என் பெயரை எழுதியிருக்கின்றேன். வழிமொழிபவர் இடம் வெற்றிடமாக உள்ளது. கூட்டம் கலைந்ததும் வாயிலருகே நிற்பேன். பேனாவும் கையில் இருக்கும்.